காதிடம் ஒரு கேள்வி

எழுபது மணி நேரமாக நான் பேசவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. பெயர் கேட்ட மூன்றாம் நாள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது ஏரியின் மேல் நின்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வாய் திறந்தால் கீழிருப்பது தானே மேலே வரும். என் பாட்டனார் காலத்தில் ஒருமுறை வந்தது. வடகரையில் முப்பத்தொரு கூடாரங்கள் இருந்தனவாம். இப்போது அங்கே புல்கூட முளைப்பதில்லை.

நான் எங்கள் கூட்டத்தின் காது. உப்பேரி உறைந்ததும் ஐந்து நாள் பனிக்கட்டியில் காதை வைத்துப் படுத்திருப்பது என் வேலை. சில வருடம் கீழிருந்து ஒரு பெயர் வரும்; அந்தப் பெயருக்கு உரியவர் ஏரிக்குள் இறங்க வேண்டும். வராத வருடம் "வெறும் பனி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அன்று இரண்டு யாக் மாடுகளை அறுப்பார்கள். கூப்பிடுதல் எப்படி இருக்கும் என்று ஒரு காது இன்னொரு காதுக்குச் சொல்லக் கூடாது. வந்தால் தெரியும் என்பார்கள். அவ்வளவுதான்.

இந்த வருடம் வந்தது. ஸுல்மா என்றது. என் மாமியார்.

அவள் எதிரே உட்கார்ந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் போன குளிர்காலத்தில் அவள் மகன் யால்கின் இறங்கிய மறுநாளே அந்த மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். யால்கின் என் கணவர். மூட்டையில் உலர்ந்த தயிர் உருண்டைகள் இருந்தன. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இருந்தது. அவர் கால்விரல்களுக்கு நடுவே சவ்வு மற்றவர்களைவிட அகலம். அந்த அளவுக்குப் பின்னத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னைத்தானே கூப்பிட்டுச்சு? ஆமான்னா உள் இமையை மூடு. அதுக்கு வாய் வேண்டாமே."

எங்களுக்குக் கண்ணுக்கு இரண்டு இமை. நான் உள் இமையை மூடாமல் வைத்திருந்தேன். புகையில் கண் எரிந்தது.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு. நீ பேச மாட்டேன்னு தெரிஞ்சுதான் என் பிள்ளை உன்னைக் கட்டியிருப்பான். வீட்ல நான் ஒருத்தி பேசறதே போதும்னு."

சொல்லிவிட்டு எனக்கு உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். உடைந்த பல் பக்கம் படாமல் குடிக்கச் சொன்னாள்.

பின்வரிசைப் பற்கள் இரண்டு உடைந்திருந்தன. நான் படுத்த இரண்டாம் நாள் மாலை, சூரியன் இறங்கும்போது, பனிக்கு அடியிலிருந்து அது எழுந்து என் தாடை வழியாக ஏறியபோது உடைந்தவை. காதிலிருந்து வழிந்த ரத்தம் உறைந்து கன்னம் பனியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுத்தார்கள். அக்கரையில் மேய்ந்த யாக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன என்று பிறகு சொன்னார்கள். போன வருடம், என் முதல் வருடத்தில், ஒரு பல்கூட ஆடவில்லை. சாதுவான பையனைச் சாதுவாகக் கூப்பிட்டிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஸுல்மா அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பள்ளத்தாக்கு வியாபாரிகள் எங்கள் முகத்தைப் பார்த்து மாவு அளப்பதில்லை. நாங்கள் பிணம் தின்பவர்கள் என்று முணுமுணுப்பார்கள். உண்மைதான். இறந்தவர்களை நாங்கள் உண்கிறோம். மண்ணில் போட்டுவிட்டு வர எங்களுக்கு மனம் வராது. உண்ணப்பட்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கூப்பிடப்பட்டவர்கள் கீழே அதன் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராதவன் ஒருவன் உண்டு. குடித்துவிட்டுப் பனித்துளையில் விழுந்த ஒரு மேய்ப்பன். உப்பு அவனைக் கரைத்துவிட்டது. அவன் எங்கும் இல்லை. அவன் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

சூரியன் இறங்கத் தொடங்கியதும் எல்லோரும் ஏரிக்குப் போனோம். தலைவர் பெர்தி துளை வெட்டி முடித்திருந்தார். உள்ளே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. நான் பெயரைச் சொன்னேன்.

ஸுல்மா பக்கத்தில் நின்றவளின் தோளில் தட்டினாள். "நான்தான் சொன்னேன்ல?" என்றாள். பெண்கள் அவள் நெற்றியில் உப்புத் தேய்த்தார்கள். அவள் மூட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் பிள்ளை இளைத்திருப்பான், அங்கே யார் அவனுக்குச் சமைத்துப் போடுகிறார்களோ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள்.

இறங்குமுன் கூப்பிடப்பட்டவர் காதிடம் ஒரு கேள்வி கேட்கலாம். எதை வேண்டுமானாலும். காது தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அந்தப் பொய் அவரோடு கீழே போகும். பொய்யோடு வருபவரை அந்த வீட்டில் சேர்ப்பதில்லை.

யால்கின் போன வருடம் இதே இடத்தில் நின்று, உனக்குக் குளிருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் தோல் அங்கியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு இறங்கினார். இவ்வளவு பெரிய கேள்வியை இப்படி வீணாக்கிவிட்டானே என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஸுல்மா என் முன்னால் வந்து நின்றாள். யோசிக்கவே இல்லை.

"என் பிள்ளையை எப்படிக் கூப்பிட்டுச்சு? கோவமாவா, செல்லமாவா? அவன்கிட்டச் சொல்லிச் சிரிக்கணும்."

செல்லமாக என்ற ஒரு சொல் போதும். அவள் சிரித்துக்கொண்டே இறங்குவாள். பிறகு வாசலில் நிறுத்திவிடுவார்கள். அவளும் எங்கும் இல்லாமல் போவாள்.

பெர்தி மேற்கே பார்த்தார். "சொல்லும்மா, வெளிச்சம் போகுது" என்றார்.

"அத்தை," என்றேன். அவள் கை என் கையில் இருந்தது. "போன வருஷம் அஞ்சு நாளும் படுத்திருந்தேன். கீழ சத்தமே வரல. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. கண்ணை மூடினா மனசுல அவர் பேர்தான் ஓடுச்சு. வேற எதுவும் ஓடல. அதுதான் கூப்பிடறதுன்னு நெனச்சேன். நெஜமா கூப்பிட்டா எப்படி இருக்கும்னு மூணு நாள் முன்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது."

அவள் இரண்டு இமைகளையும் மூடித் திறந்தாள்.

"அப்ப என் பிள்ளை?"

"அவர் அங்க இல்ல அத்தை. அது அவரைக் கூப்பிடவே இல்ல."