பட்டியலில் இல்லாத டைட்டஸ்

டைட்டஸ் என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை என்று அந்த அம்மாவிடம் மூன்று நாள் சொன்னேன். முதல் நாள் சுருக்கமாகச் சொன்னேன். இரண்டாம் நாள் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் சொல்லும்போது அது பொய்யாக இருக்கலாம் என்று எனக்கே தெரிந்திருந்தது.

இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் தகரக் கொட்டகை போட்டு, கண்ணாடித் தடுப்பு வைத்து, எங்கள் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தார்கள். ‘உதவி மையம்’ என்று போர்டு. உதவிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே எண்ணூறு நோயாளிகள். வெயிலில் அவர்களைத் தேடி வந்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு. பெயரைச் சொல்வார்கள், கம்ப்யூட்டரில் தட்டுவேன். இருக்கிறார், ஆக்ஸிஜனில் இருக்கிறார், வார்டு மாற்றியாகிவிட்டது, இல்லை. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை இதைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

என் ஊர் சித்தூருக்கு பஸ் ஓடாததால் என்னை ஒரு ஹாஸ்டலில் தங்க வைத்திருந்தார்கள். மூன்று வாரமாக லீவு இல்லை. முகக்கவச நாடா உரசி உரசிக் காதுக்குப் பின்னால் புண். யார் அழுதாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பிறகு அந்த எரிச்சலை நினைத்து வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பார்.

அப்படி வந்து நின்றவர்தான் கிருபாவதி. வெதுருகுப்பம் பக்கத்துக்காரர். மாங்கூழ் பேக்டரியில் வேலை, விரல் நுனியெல்லாம் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. முந்தின நாள் 108 ஆம்புலன்ஸ் வண்டி வந்து புருஷனை ஏற்றிக்கொண்டது. கூட யாரும் ஏறக் கூடாது என்று சொல்லி, ஆதார் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“டைட்டஸ்மா. அம்பத்தி நாலு வயசு. வேன் ஓட்டுறாரு.”

தட்டினேன். “இல்லைமா. வேற ஆஸ்பத்திரில பாருங்க.”

“இங்கதான் எறக்கனோம்னு வண்டிக்காரரு போன்ல சொன்னாரேமா.”

“லிஸ்ட்ல இல்லைன்னா இல்லைதான். நகருங்க.”

ஊர் பெயரைப் போட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தேடாது. பெயரைப் போட வேண்டும்.

மறுநாள் திரும்ப வந்தார். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி வாசல் அத்தனையும் ஏறி இறங்கியிருந்தார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டார். “உசுரோட கீறாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லுமா. இல்லைன்னாலும் தாங்கிக்கிறேன்.”

“நான் இன்னா ஒளிச்சா வெச்சிக்கினு கீறேன்?” என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் போகும்போதுதான் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பழைய மிஷன் சபை ஒன்றின் நூற்றாண்டு விழாப் பை.

எங்கள் சபைகளில் பல பேருக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று, ஸ்கூலில் சேர்க்கும்போது எழுதியது ஒன்று. இந்து எஸ்.சி. என்று வாங்கிய சாதிச் சான்றிதழ், ரேஷன், ஆதார் எல்லாம் ஸ்கூல் பெயரில் ஓடும். சபைப் பெயர் ஆபீசில் தெரிந்தால் சான்றிதழ் போய்விடும், அதோடு பிள்ளைகளின் படிப்பும் வேலையும் போய்விடும் என்று தாத்தா காலத்திலிருந்தே பயம். அதனால் நாலு பேர் எதிரில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்ல மாட்டோம். எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் யமுனா. வீட்டில் நான் சுஜிதா.

ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்துச் சீட்டு இந்திராணி, உனக்கு எப்படித் தெரியும் என்பாள். இந்த வேலையும் அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டு அடுத்த பெயரைத் தட்டினேன். என்னைப்போல் ஒரு கோழையை அன்று திருப்பதி முழுக்கத் தேடினாலும் பார்த்திருக்க முடியாது.

மூன்றாம் நாளும் வந்தார். மூன்றாம் நாளும் டைட்டஸ் என்றார். இல்லை என்றேன். போகவில்லை. எதையோ சொல்ல வாயைத் திறந்தார், பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கும் பயம்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இந்திராணியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். தண்ணீர்க் குழாய் ஓரமாக அவரைத் தனியே கூப்பிட்டேன்.

“யக்கா, அவரோட ரெக்கார்டு பேரு இன்னா?”

அவர் பையை மார்போடு இறுக்கிக்கொண்டார். “உனுக்கு எப்படிமா…”

“எனக்கும் ரெண்டு பேருதான்கா. சொல்லுங்க.”

காதருகே வந்தார். “நாராயணசாமி. ஜெர்ரிக்கு, எம் புள்ளைக்கு, போஸ்டிங் வர்ற நேரம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத, புண்ணியமா போவும்.”

சீட்டுக்குத் திரும்பி அந்தப் பெயரைத் தட்டினேன். நாராயணசாமி, ஐம்பத்து நாலு, மூன்றாவது மாடி, நாற்பத்தாறாம் படுக்கை. ஆக்ஸிஜன். கீழே குறிப்பு: பெயர் சொல்லி அழைத்தால் பதில் இல்லை, நினைவு தெளிவில்லை, உடன் யாரும் இல்லை.

வார்டுக்கு போன் போட்டேன். நர்ஸ் ரத்னம்மா எடுத்தார்.

“அந்த ஆளா? மூளைக்கு ஏறிடுச்சு போல. நாலு நாளா கத்திக் கத்திக் கூப்பிடறோம், திரும்பக்கூட மாட்டேங்கறாரு. மாஸ்கைப் பிடுங்கறாருன்னு கையைக் கட்டி வெச்சிருக்கோம்.”

“டைட்டஸ்னு கூப்பிட்டுப் பாருங்க சிஸ்டர்.”

“அதேம் பேரு? அது யாரு?”

“ஒரு வாட்டி கூப்பிடுங்க.”

பிளாஸ்டிக் உடை சரசரக்கும் சத்தம். “டைட்டஸ்!” என்று ரத்னம்மாவின் குரல். கொஞ்ச நேரம் இயந்திரச் சத்தம் மட்டும். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், “ஆங்… யாரு? கிருபாவா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை நீட்டினேன். மூன்று நாள் அழாத அம்மா அப்போதும் அழவில்லை. “ஜெர்ரி நைனா, துன்னியா? மாஸ்க எடுக்காதய்யா. நான் வாசல்லயேதான் கீறேன்,” என்றார். கையை அவிழ்த்துவிட்டோம் என்று ரத்னம்மா சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் முட்டியது. அவர் என்னைக் கும்பிட்டபோது எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

இந்திராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீக்கு எலா தெலுசு?” உனக்கு எப்படித் தெரியும் என்று நான் பயந்த அதே கேள்விதான்.

“எங்க வீட்லயும் அப்படித்தான். என் பேரு சுஜிதா.”

“சரி சுஜிதா, லைன் நிக்குது பாரு,” என்று சொல்லிவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பினாள். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மனுஷன் இன்னொரு நாள் கை கட்டப்பட்டுக் கிடந்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. வார்டுப் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உடன் யாரும் இல்லை என்ற குறிப்பைத் தேடினேன். பதினேழு பெயர் கிடைத்தது. அதில் ஒன்பது பெயருக்கு எதிரில் தகனம் என்று தேதி போட்டிருந்தது. இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்களின் பெயரை எழுதி வைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

ஒரே ஒருவர் மட்டும் ஞாபகத்துக்கு வந்தார். முதல் வாரத்தில், எங்கள் சபைகளில் வைக்கிற இன்பசேகரன் என்ற பெயரைச் சொல்லித் தன் மகனைக் கேட்டு ஒரு பெரியவர் மூன்று நாள் வந்தார்; மூன்று நாளும் இல்லை என்றேன். நாலாம் நாள் அவர் வராதபோது, அப்பாடா, வேறு எங்கோ மகன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.