உள்பக்கத்து ஜிப்

அந்த ஆளைத் தையல்காரிக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. கடையையே விலைக்கு வாங்க வந்தவன்போல, வெட்டும் மேசைமேல் கார் சாவியை விட்டெறிந்தான். பின்னால் அவன் மனைவி.

அவர்கள் தைக்கக் கொடுத்திருந்தது கழுத்திலிருந்து கால்வரை உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தோல் பை. ஒருவர் கட்ட, இன்னொருவர் விரும்பிக் கட்டுண்டு கிடக்கும் விளையாட்டுக்கானது. அதில் தையல்காரிக்கு முகச்சுளிப்பே இல்லை. பதினொரு வருடமாக இதைத்தான் தைக்கிறாள். அளவெடுத்தபோது மனைவியின் முகத்தில் தெரிந்த ஆசையும் பொய்யில்லை. எரிச்சலெல்லாம் இந்த எஜமானர்மேல்தான்.

"உள்ள எதுக்கு ஒரு ஜிப்?" என்றான்.

"அவங்களுக்கு முடியலன்னா அவங்களே திறந்துக்க."

"அதை எடுத்துடுங்க. நான் திறந்தாத்தான் திறக்கணும்."

"எனக்கு அது வேணும்," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

எல்லாம் தெரிந்த மேதாவி! பையில் தலைமாடு எது, கால்மாடு எது என்று போன முறை கேட்டவன் இவன்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பையில் எதையாவது மாற்றச் சொல்பவர், முதலில் உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே பெரிய அளவில் ஒரு மாதிரிப் பை இருந்தது.

"அஞ்சு நிமிஷம் படுங்க. உள் ஜிப் இல்லன்னு நெனச்சுக்கங்க. 'போதும்'னு சொன்னா நான் திறந்துடறேன்."

மனைவி முன்னால் பின்வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் என்ன, அரை மணி நேரம் கிடக்கறேன்," என்று படுத்தான்.

வெளி ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். இருபது விநாடிகூட ஆகியிருக்காது. நெற்றி வியர்த்தது. 'போதும்' என்று சொல்லக்கூட ஐயாவுக்கு நா எழவில்லை. பைக்குள் கை பதறித் தேடி, உள் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தது. எழுந்து உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினான்.

"காத்தே வரல. தையல் சரியில்ல," என்றான். தலை முழுதும் வெளியேதான் இருந்தது, வெட்கம் கெட்டவனுக்கு! "அவளுக்குப் பழக்கம்தான். அவளோடதுல எடுத்துடுங்க."

மனைவி தனக்கெனத் தைத்திருந்த தோல் பையை நிதானமாக மடித்துக் கையில் எடுத்தாள்.

"ஜிப் இருக்கட்டும்க்கா. கட்டறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

மேசைமேல் கிடந்த கார் சாவியையும் அவளே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் கால்கள் இன்னும் பைக்குள்தான் இருந்தன.