கடைசி சிப்பின் கால்கள்

மின்சார ஆர்கனின் முதுகுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே தலையை விட்டிருந்தேன். அக்கா கூடத்துப் பக்கமே வரவில்லை. சமையலறையில் இருந்தபடியே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“அதை ஏன்டி இப்படிக் கூறு போடுறே? சாயங்காலம் அவங்க வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“வரட்டும். அதுவரைக்கும் என்னை விடு.”

பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவின் இடது கை மடியிலேயே கிடக்கிறது. தூக்குவாள், நீட்டுவாள், ஒரு கட்டையை அழுத்தும் வலு மட்டும் விரல்களில் இல்லை. இனி அது கண்ணிலேயே படக்கூடாது என்று, இத்தனை வருஷம் வாசித்த ஆர்கனை ஓர் இசைப் பள்ளிக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். அத்தானும் சரியென்றுவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊரார் ஆம்ப்ளிஃபயரையெல்லாம் பழுது பார்த்துப் பிழைக்கிறவள் நான். கூடப்பிறந்தவளுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால் சோறு இறங்குமா?

யோசனை எளிமையானதுதான். கட்டையை அழுத்தினால் அடியில் ஒரு தகடு இன்னொரு தகட்டைத் தொடும், சத்தம் வரும். விரல் செய்கிற அந்த வேலையைச் செய்ய ஒரு சிப் இருக்கிறது. நகத்தளவுதான், உள்ளே நாலு சுவிட்ச், அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் காலில் கொஞ்சம் மின்சாரம் வைத்தால் சுவிட்ச் மூடிக்கொள்ளும், எடுத்தால் திறந்துகொள்ளும். இடது கைப் பக்கத்துக் கட்டைகளுக்கெல்லாம் இப்படிப் பற்றவைத்து, சிப்புகள் பொருத்திய சர்க்யூட் பலகையை ஆர்கனின் மேலேயே வைத்திருந்தேன். எந்த ஸ்வரம் என்று மடிக்கணினி மிடியில், அதாவது கணினியும் இசைக்கருவியும் பேசிக்கொள்ளும் பாஷையில், சொல்லும், சிப் கேட்கும். அந்தக் கிழட்டு ஆர்கன் மிடி புழக்கத்துக்கு வருமுன்பே செய்தது. அதற்குப் போய்ப் புது பாஷை கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டிக் காட்டினேன். ஆள் தொடாமலே அடி ஸ்வரங்கள் வரிசையாக எழுந்தன.

“அடேயப்பா!” என்றார் அத்தான்.

அக்கா வாசற்படியில் நின்று கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தான் வாசிக்குது. நான் இழுத்தா அதுவும் இழுக்குமா? நான் நின்னா நிக்குமா?”

அது நிற்காது. நான் எழுதிக் கொடுத்ததை அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகும். இதைக்கூட யோசிக்காமல் என்ன கிழித்தேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன்.

“சரி விடு, மூஞ்சிய தூக்கி வெச்சுக்காதே” என்று அக்காவே துணியை எடுத்துவந்து ஆர்கனைப் போர்த்தப் போனாள். வலது கை துணியை வீச, இடது கையும் கூடவே எழுந்து பலகையின் மேலாகப் போனது.

ஆர்கன் முனகியது.

“ஐயையோ, என்னடி இது? நான் தொடவே இல்ல!”

பலகையைப் பார்த்தேன். மானம் போயிற்று. அவசரத்தில் கடைசி சிப்பில் உத்தரவு வாங்குகிற கால்களை மட்டும் எதனோடும் கட்டாமல் தொங்க விட்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நான் கத்துகிற கத்தல் இதற்குத்தான். கட்டாத காலுக்கு எஜமான் கிடையாது. பக்கத்தில் ஒரு கை வந்தாலே போதும், உத்தரவு வந்துவிட்டதென்று சுவிட்சை மூடிவிடும்.

“ஒண்ணுமில்லக்கா, என் தப்புதான். இந்தக் கடைசி சிப்போட காலைக் கட்டாம விட்டுட்டேன். இப்ப கட்டிடறேன்” என்று பற்றவைப்புக் கோலை எடுத்தேன்.

“கொஞ்சம் இரு.”

துணி கீழே விழுந்தது. அக்கா இடது கையை மெல்ல நீட்டினாள். நடுங்கிய ஒரு ஸ்வரம் வந்தது. கையை இழுத்தாள், அடங்கியது. சற்றுத் தள்ளி நீட்டினாள், அதற்கடுத்த ஸ்வரம். அங்கேயே கையை நிறுத்தினாள். ஸ்வரமும் நின்றது, அவள் விடும்வரை. அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் இசைப் பள்ளி வண்டி வந்து ஹாரன் அடித்தது. அத்தான் கதவுவரை போய், திறக்காமல், எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்டி,” என்றாள் அக்கா, கையைப் பார்த்தபடியே. “மத்த காலையெல்லாம்கூட இப்படி அவுத்து விட முடியுமா?”

வெளியே இன்னொரு முறை ஹாரன் அடித்தது. நான் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, வயர் வெட்டுகிற கட்டரைத் தேடினேன்.