கேடயத்துக்கு ஓர் ஆணி

காட்ஷால்க்கின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. கொல்லன் வோல்மார் சம்மட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, புல்லின்மேல் கிடத்தியிருந்த கேடயத்தைப் பார்த்தான். சிவப்பில் ஒரு வெள்ளைச் சேவல். வம்சத்தின் கடைசி ஆண் போனால் கேடயத்தை உடைத்து அவனோடு புதைக்க வேண்டும். உடைத்த கையோடு லோர்ன்பெர்க் நாடு பிஷப்புக்குப் போய்விடும். அவருடைய ஆள் ஒருவன் குதிரையின் சேணத்தைக்கூட இறக்காமல் காத்திருந்தான்.

காட்ஷால்க் பேருக்குத்தான் பிரபு. உடைந்த மதகைக் கட்ட ஆட்களோடு ஆளாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாங்கிய காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோயிற்று. காலையில் கிளம்பினால் அந்தி மணிக்குள் நடந்து கடந்துவிடக்கூடிய நாடு. அதற்குப் போய் இருநூறு வருட வம்சம்.

அவர் மனைவி ரிக்கென்ஸாவுக்கு வயிற்றில் நாலு மாதம். யாருக்கும் தெரியாது. முன்பு மூன்று முறை ஊரறியச் சொன்னாள், மூன்றும் தங்கவில்லை. இந்த முறை கணவரிடம் மட்டும், அவர் கண்மூடுமுன் காதோடு சொன்னாள். "இப்பவாவது சொன்னியே," என்று சிரித்தார். இப்போது சொல்லி, இதுவும் போய்விட்டால்? சொல்லாவிட்டாலோ, பிள்ளைக்குக் காலூன்ற ஒரு பிடி மண் இருக்காது.

"அடிப்பா," என்றாள் காட்ஷால்க்கின் அக்கா யூட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கப்பாவும் தாத்தாவும் தூக்கினது. முடியறதும் கௌரவமா முடியட்டும்."

சம்மட்டி உயர்ந்தது. ரிக்கென்ஸா போய்க் கேடயத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்கம்மா," என்று பதறினான் வோல்மார்.

"அண்ணி, எனக்கு நாலு மாசம்."

வோல்மார் சம்மட்டியைக் கீழே வைத்தான். பிஷப்பின் ஆள் தொண்டையைச் செருமினான். "பொண்ணா பொறந்தா?"

"அப்ப வந்து கேளு. இப்ப குதிரைக்குத் தண்ணி காட்டிட்டுக் கெளம்பு," என்றாள் யூட்டா. பிறகு குனிந்து ரிக்கென்ஸாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"பயமா இருந்துச்சு அண்ணி."

"இனிமே ரெண்டு பேருமா பயப்படலாம், வா."

குழியை மண்ணால் மூடினார்கள். ரிக்கென்ஸா அப்போதுதான் அழுதாள்.

மாலையில் கூடத்தில், கேடயம் தொங்கிய பழைய இடத்தில் வோல்மார் ஆணியை வைத்தான்.

"இன்னும் கீழ," என்றாள் ரிக்கென்ஸா. இறக்கினான். "இன்னும்."

ஆணி அவன் இடுப்புக்கு வந்தது. "இவ்வளவு கீழயா? சின்னக் கை பட்டுக்கிட்டே இருக்குமேம்மா."

"படட்டும்."

அவன் சின்னச் சுத்தியலை எடுத்து அடித்தான்.