பார்லி மாவில் புதைத்த போன்

ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடும் கார்னிவல் செவ்வாய்க்கிழமையன்று நனையாமல் வீடு திரும்பினால், கன்யார் என்ற மலையூரில் உங்களை யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம். டெல்ஃபினாமேல் அவள் நாத்தனார் ஸோய்லாவுக்குக் கொள்ளைப் பிரியம். அதனால் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள். டெல்ஃபினாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் சட்டைக்குள் போன் இருந்தது ஞாபகம் வந்தது.

அவள் புருஷன் செகுண்டோ வேலை தேடி, திருட்டுத்தனமாக எல்லை தாண்ட வடக்கே கிளம்பிப் போய் ஐந்து வாரம் ஆகிறது. அவனுடைய போன் வழியிலேயே பறிபோய்விட்டது. யாரிடமோ இரவல் வாங்கிப் பேசியபோது, எல்லையில் இருக்கும் பாலைவனத்தில் இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை கூப்பிடுவதாகச் சொன்னான். அது இந்த வாரம். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் டெல்ஃபினாவுடையது ஒன்றுதான்.

நனைந்த போனை அரிசியில் போடச் சொல்வார்கள். அன்றைக்கு அவள் வீட்டில் அரிசி இல்லை. மலைக்காரர்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் வறுத்த பார்லி மாவு இருக்கும். மாவு இன்னும் சீக்கிரம் ஈரத்தை உறிஞ்சும் என்று அவளாகவே முடிவுகட்டி, பானைக்குள் ஆழமாகப் புதைத்தாள். இரண்டு நாள் கழித்துத் தோண்டி எடுத்து சார்ஜில் போட்டாள். போன் ஒரு தடவை அதிர்ந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

சந்தையில் போன் பழுதுபார்க்கும் வில்மர் பெரிய வாயாடி. ஸோய்லாவையும் கூட்டிக்கொண்டு டெல்ஃபினா அவனிடம் போனாள். அவன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

"மாவுல போட்டது சரிக்கா. வெல்லம் போட மறந்துட்டீங்களே," என்றான்.

ஸோய்லா சிரிக்க வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். உள்ளே மாவும் தண்ணீரும் சேர்ந்து களியாகி இறுகியிருந்தது. வில்மர் ஸ்பிரிட்டில் நனைத்த பழைய பல்பிரஷால் தேய்த்தான். வேறொரு போனின் நல்ல திரையை எடுத்து மாட்டிப் பார்த்தான். அதுவும் இருட்டு. ஈரத்தோடு சார்ஜ் ஏற்றியதில், திரையைச் சேர்க்கிற இடமே அரித்துப் போய்விட்டதாம். சிம்மை வேறு போனில் போடலாமே என்று ஸோய்லா கேட்டாள். சிம் போன வருஷமே காலாவதியாகிவிட்டது. அந்த எண்ணில் வாட்ஸ்அப் மட்டும் ஸோய்லா வீட்டு வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு போனில் அதைத் திறக்கக் கேட்கும் குறியெண் அந்தச் செத்த சிம்முக்குத்தான் வரும், அதனால் வழியில்லை.

"உயிர் இருக்குக்கா. கண்ணுதான் போச்சு," என்றான் வில்மர். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அதைக் கேட்டபோதுதான் போன் இனித் தேறாது என்று டெல்ஃபினாவுக்குப் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் ஸோய்லாவின் சமையலறையில் போன் சார்ஜில் கிடந்தது. இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

டெல்ஃபினா ஓடிப்போய், பச்சைப் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்து இழுத்தாள். மேலே இழுத்தாள், பக்கவாட்டில் இழுத்தாள், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. உடனே திரும்ப அடித்தது.

"குடு அண்ணி, நான் பாக்குறேன்," என்று ஸோய்லா பிடுங்கினாள். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு அழுகைதான் வந்தது.

மூன்றாவது முறை அடித்தபோது டெல்ஃபினா அதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மணி காதுக்குள் அலறியது.

"நான் இங்கதான் இருக்கேன். பிள்ளைங்க நல்லா இருக்காங்க. நீ பாத்துப் போ," என்றாள், அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி.

சத்தம் நின்றது. பொழுது சாயும்வரை இருவரும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அது திரும்ப அடிக்கவில்லை. எவன் கையையோ காலையோ பிடித்துப் போன் வாங்கி மூன்று தடவை கூப்பிட்டவன், பெண்டாட்டி எடுக்கவில்லை என்ற நினைப்போடுதான் பாலைவனத்தில் இறங்கியிருப்பான்.