பில்ரருக்குள் வந்த வெளிச்சம்

1.
இந்தக் கதை எனக்கு கனடாவின் ஸ்காபரோவில், ஒரு கலியாண மண்டபத்தில் ரோல்ஸ் பலகாரத்துக்கு நின்ற வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற இரண்டு கமராக்காரர்கள் லென்சுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அதாவது பில்ரர், போடலாமா கூடாதா என்று சண்டை பிடித்தார்கள். கோயில் நிர்வாகத் தேர்தலில்கூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

நான் எழுதிப் பார்த்த முதல் வரி: ‘ஒளி என்பது ஆதியில்…’ (வேண்டாம். ஒளியைப் பற்றிக் கமராக்காரர் பேசட்டும், எழுதுகிறவனும் பேசவேணுமா?)

2.
என் கதையின் கமராக்காரன் றெமிஜியஸ் பில்ரர் கட்சி. சோபாவின் பொலித்தீனையே இன்னும் கழற்றாத மனுசன், லென்ஸை வெறும் மேலோடு வெளியே விடுவானா? லைற் பிடிக்கிற மனைவி செரீனா எதிர்க்கட்சி.

“நல்ல லென்ஸை வாங்கிப்போட்டு, முன்னுக்கு யன்னல் கண்ணாடியைப் பூட்டுறியள்.”

“விழுந்தா நீரோ ஏந்திப் பிடிப்பீர்?”

(இவனைக் கஞ்சனாகத்தான் எழுத நினைத்தேன். குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல் பில்ரரைத் துடைக்கிறவனை அப்படி எழுதக் கை வரவில்லை.)

3.
சந்திரவதனா அன்ரியின் மூத்த மகள் துவாரகாவின் கலியாணம். ஆராத்திச் சுடர் பில்ரரில் பட்டுத் தெறித்து, ஒரு படத்தில் மணமகளின் தோளருகே தலைகீழாக ஒரு பச்சைச் சுடர். றெமிஜியஸ் அதை அழிக்க மறந்து படங்களை அனுப்பிவிட்டான்.

அன்ரி அவனுக்குப் போன் எடுத்தா. “தம்பி, பிள்ளையின்ர தோளடியில அவர் வந்து நிக்கிறார். உந்தப் படத்தைப் பெரிசாப் பிறேம் பண்ணித் தாங்கோ.”

அவர் என்றால், சில வருடங்களுக்கு முன் காலமான கணவர்.

பிறேமோடு காரில் போகும்போது சண்டை தொடர்ந்தது. கட்சிகள்தான் மாறியிருந்தன.

“உண்மையைச் சொல்லவேணும். உது பில்ரரின்ர வேலை,” என்றான் றெமிஜியஸ்.

“வாயைத் திறந்தியள் எண்டா நடு ரோட்டில இறக்கிவிட்டிடுவன்,” என்றாள், பில்ரர் படத்தைக் கெடுக்கும் என்ற வாதத்தில் ஒருவழியாக வென்றிருந்த செரீனா.

4.
முடிவு ஒன்று: அவன் பேசாமல் பிறேமைக் கொடுக்கிறான், அன்ரி கண்கலங்கி… (இல்லை.)

முடிவு இரண்டு: சொல்கிறான், அன்ரி இடிந்துபோய்… (அன்ரியைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.)

சொல்லத்தான் செய்தான், தரையைப் பார்த்தபடி. அன்ரி படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தா.

“அப்ப உந்தக் கண்ணாடி இல்லாட்டி அவர் வந்திருக்கமாட்டாரோ?”

“ஓம் அன்ரி.”

“அப்ப சின்னவளின்ர கலியாணத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

5.
ஆவணி. பக்கத்து நகரமான அஜக்ஸில் சின்னவளின் கலியாணம். ஆராத்தி தொடங்கப்போகிறது. செரீனா பில்ரரைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். றெமிஜியஸ் அவளுடைய முகத்தைப் பார்க்கிறான். தெரிந்துகொண்டே பூட்டினால் அது பொய்யா? பூட்டாவிட்டால் அன்ரி அவரை எங்கே போய்த் தேடுவா?

எனக்குத் தெரியவில்லை. இந்தாருங்கள், பில்ரரை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். கவனம், விரல் அடையாளம் படாமல் ஓரத்தில் பிடியுங்கள்.