பாகம் இன்னும் வரவில்லை

பூட்டுக்காரர் அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தார். அவருடைய வேனின் பின்பக்க ஒயரிங் சூடாகித் தீப்பிடிக்கலாம், வண்டி சும்மா நிற்கும்போதும் பிடிக்கலாம், அதனால் கட்டடங்களை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள் என்று கம்பெனி எழுதியிருந்தது. மாற்ற வேண்டிய பாகம் இன்னும் தயாராகவில்லை. தயாரானதும் தெரிவிப்பார்களாம்.

அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருஷம். போன வருஷம் சிறுநீரகமும் கைவிட்டது; வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாற்காலியோடு அவளை அப்படியே ஏற்றிக்கொள்ளத்தான், பின்கதவில் கரண்டில் ஏறி இறங்கும் மேடை வைத்த இந்த வேன். வாடகைக் கார்க்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததுமே வேறு சவாரி இருப்பதாகச் சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வண்டிக்கு விண்ணப்பித்தார். முன்னால் அறுபது பேர் இருக்கிறார்கள் என்றார்கள்.

விஷயம் குடியிருப்புச் செயலாளர் காதுக்கு எட்டியது. அவர் தன்மையாகத்தான் பேசினார். மேலே நாலு மாடியில் குழந்தை குட்டிகள் இருக்கின்றன, கீழே இந்த வண்டி வேண்டாமே என்றார். தெருவில் நிறுத்தினால் கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. போய் எடுத்து வரவே கால் மணி நேரம்.

ஒரு திங்கட்கிழமை அவர் வேனை நேராகச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போய்ச் சாவியை மேசைமேல் வைத்தார். பாகம் வருகிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், பதிலுக்கு மேடை வைத்த வேறொரு வண்டி கொடுங்கள் என்றார். மேனேஜருக்கு இவருடைய மகனாக இருக்கும் வயதுதான். அப்படி மேடை வைத்த வண்டி தங்களிடம் ஒன்றுகூட இல்லை என்றான். பிறகு சாவியை மெல்ல இவர் பக்கம் நகர்த்தினான்.

"இதை நாங்க உள்ள வச்சுக்க முடியாது சார். பில்டிங்குக்கு ஆபத்துன்னு மேலிடத்து உத்தரவு."

இவருக்குக் கோபம்கூட வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு, தீப்பிடித்தால் அவளை வேகமாக இறக்க மைதானத்தில் பழக ஆரம்பித்தார். நாற்காலியைத் தரையோடு பிடித்து வைக்கும் கொக்கிகள் நாலு. நாலையும் கழற்றி மேடையை இறக்க ஒன்றரை நிமிஷம். வேகமாகச் செய்தால் ஒரு நிமிஷம் பத்து விநாடி. ஒயரிங் கருகிக் கரண்ட் போய்விட்டால் மேடை இறங்காது என்பதைப் பற்றி அவளிடம் அவர் வாய் திறக்கவில்லை.

"என்னங்க, எதுக்கு வாட்சையே பாத்துட்டிருக்கீங்க?" என்றாள் அவள், வீட்டு வாசலில் இறங்கும்போது.

"சும்மாதான்."

"கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு அவசரம் காட்டலியே நீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, பாலத்தைத் தாண்டும்போது கருகல் வாடை அடித்தது. வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் ஓடினார். மூன்று கொக்கி கழன்றது, நாலாவது சிக்கிக்கொண்டது. விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. "நீங்க இறங்குங்க, முதல்ல நீங்க இறங்குங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் காதில் விழாததுபோல இழுத்தார். கொக்கி விட்டது. மேடை அதன் பாட்டுக்கு ஆடி அசைந்து இறங்கியது.

சாலையோரம் இருவரும் இருபதடி தள்ளி நின்று வேனையே பார்த்தார்கள். புகை இல்லை. பாலத்துக்கு அடியில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள்.

அரை மணி நேரம் போயிற்று. தாமதமானால் ஆஸ்பத்திரியில் அவள் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நேற்றிலிருந்தே அவள் முகம் வீங்கியிருந்தது.

"ஏத்துங்க," என்றாள்.

"பயமா இல்லியா உனக்கு?"

"இருக்கு. போகலேன்னாலும் எனக்கு உயிர் பயம்தான். ஏத்துங்க."

அவர் ஏற்றினார். நாலு கொக்கியையும் மாட்டினார். மாட்டாமல் ஓட்டினால் நாற்காலி புரண்டுவிடும்.

அடுத்த மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. பாகம் தாமதமாகிறதாம், பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவர் அதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, வண்டியை எடுத்துவர மைதானத்துக்கு நடந்தார். அன்று சனிக்கிழமை, பத்து மணிக்கு டயாலிசிஸ்.